கலிஃபோர்னியா ஒயினும் ஓமந்தூராரும்: இன்றும் உயிரோடு இருக்கும் 1937 மதுவிலக்குச் சட்டத்தின் கதை

சென்னையில் நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் ஒயின் டேஸ்டிங் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணி விரித்த நீள மேஜை. ஆளுக்கு நாலைந்து கண்ணாடிக் கோப்பைகள். நடுவில் தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட், துப்புவதற்கு ஒரு சின்ன வாளி. ஆமாம், துப்புவதற்குத்தான். டேஸ்டிங் என்பது குடிக்கும் நிகழ்ச்சி இல்லை. சொமெலியே என்று அழைக்கப்படும் ஒயின் நிபுணர் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து, கோப்பையின் அடியில் கொஞ்சமே கொஞ்சம் ஊற்றுவார். முதலில் வெள்ளை ஒயின், பிறகு சிவப்பு. சோனோமாவின் ஷார்டனே, அங்கேயே விளைந்த பினோ நுவார், லோடையின் ஜின்ஃபண்டெல், கடைசியில் நாபா பள்ளத்தாக்கின் கேபர்நே சாவிஞோன் என்று வரிசை போகும்.

கோப்பையை வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். சுழற்ற வேண்டும். மூக்கை உள்ளே விட்டு மணம் பிடிக்க வேண்டும். அப்புறம்தான் ஒரு வாய். அதை நாக்கு முழுக்கப் பரவவிட்டு, விழுங்கலாம் அல்லது துப்பலாம். அதிக நேரம் கொதித்துவிட்ட டீயைக் குடித்தால் நாக்கும் ஈறும் வறண்டு இழுத்துப் பிடிக்குமே, அதுதான் டேனின். நாபா கேபர்நேயில் அது தூக்கலாக இருக்கும். இதையெல்லாம் நிபுணர் சொல்லச் சொல்ல, வந்திருப்பவர்கள் தலையாட்டி போனில் குறித்துக்கொள்வார்கள்.

இந்த மேஜை எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது தெரியுமா? நட்சத்திர ஹோட்டல்களுக்குத் தரப்படும் எஃப்.எல்.3 உரிமம், 1981-ஆம் ஆண்டு விதிகளின்படி வழங்கப்படுகிறது. அந்த விதிகளுக்குத் தாய்ச் சட்டம் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. மதுவை ஒழிக்கக் கொண்டுவந்த சட்டத்திலிருந்து விலக்கு வாங்கித்தான் தமிழ்நாட்டில் ஒவ்வொரு பாட்டிலும் திறக்கப்படுகிறது. டாஸ்மாக் கடையும் அப்படித்தான். துறையின் பெயரே மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைதான்.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ராஜாஜி என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அதை ஒரு மாவட்டத்துப் பரிசோதனை என்ற நிலையிலிருந்து மாகாணம் முழுமைக்கும் எடுத்துப் போனது யார் என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. சென்னை அண்ணா சாலையில் மெட்ரோவில் போகிறவர்கள் தினமும் அவர் பெயரைக் கடந்துதான் போகிறார்கள். ஓமந்தூரார் அரசினர் தோட்டம். அங்கே 2010-ல் புதிய சட்டமன்றமாகத் திறக்கப்பட்ட கட்டடம், ஆட்சி மாறியபின் ஓமந்தூரார் பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாக ஆனது. கட்டடத்தின் அரசியல் தெரிந்த அளவுக்கு, பெயருக்கு உரியவரைத் தெரியாது.

திண்டிவனம் பக்கத்து விவசாயி

ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் பிறந்தது 1895 பிப்ரவரி 1. ஊர், திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள ஓமந்தூர். இன்றைக்கு விழுப்புரம் மாவட்டம், அன்றைக்குத் தென்னார்க்காடு. மேல்மலையனூர், செஞ்சி, திண்டிவனம், மரக்காணம் என்று மலையிலிருந்து கடல் வரைக்கும் நீளும் இந்தப் பகுதி பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. ஏரிப் பாசனம், நிலக்கடலை, கம்பு, கரையோரம் போகப் போகப் பனைமரங்கள். அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்கு இன்று பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வருகிறதே, அந்த மண்தான்.

அவர் குடும்பம் விவசாயக் குடும்பம். படிப்பு திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியில். ஸ்கடர் என்பது அமெரிக்காவிலிருந்து வந்து ஆற்காடு மிஷனை நடத்திய குடும்பத்தின் பெயர். வேலூர் சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரும் அதே குடும்பம்தான். ஆக, கிராமத்துப் பையனுக்கு அமெரிக்காவோடு முதல் தொடர்பு பள்ளிக்கூட வாசலிலேயே வந்துவிட்டது.

காந்தியின் அழைப்பு தென்னார்க்காட்டுக்கும் வந்தபோது அவர் அதற்குள் போனார். கதர், தீண்டாமை எதிர்ப்பு, மதுவிலக்கு. மூன்றும் அன்றைய காங்கிரஸ்காரருக்கு ஒரே மூட்டை. உப்புச் சத்தியாகிரகம், வெள்ளையனே வெளியேறு என்று போராட்டங்களில் கலந்துகொண்டு சிறைக்கும் போனார்.

அந்தக் காலத்தில் மதுவிலக்கு என்றால் என்ன அர்த்தம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கள்ளுக்கடை, சாராயக்கடை உரிமைகளை ஏலம் விட்டுக் கிடைத்த வருமானம் ஆங்கிலேய அரசின் கஜானாவுக்குப் பெரிய தூண். கடையை மறிப்பது என்பது குடிக்கிறவரைத் திருத்துவது மட்டுமில்லை, அரசின் பாக்கெட்டிலேயே கை வைப்பது. ஈ.வெ.ரா. காங்கிரஸில் இருந்தபோது தன் தோப்பில் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். ராஜாஜி திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே விமோசனம் என்று 1929-ல் பத்திரிகை நடத்தினார், கல்கி அதில் வேலை பார்த்தார். ஓமந்தூரார் வளர்ந்தது இந்தச் சூழலில். அவருக்குக் கள்ளுக்கடை ஒரு புத்தகப் பிரச்சினை இல்லை. கூலி வாங்கிய அன்றைக்கே அது எங்கே போகிறது என்பதைக் களத்துமேட்டிலிருந்தே பார்க்கக்கூடிய இடத்தில் அவர் இருந்தார்.

அதே நேரம் கலிஃபோர்னியாவில்

இந்தியாவில் கடை மறியல் நடந்த அதே ஆண்டுகளில், அமெரிக்கா தன் அரசியல் சாசனத்தையே திருத்தி மதுவை ஒழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. 1920 ஜனவரியில் தொடங்கிய மதுவிலக்கு 1933 டிசம்பர் 5 வரை நீடித்தது. அந்த 13 ஆண்டுகளும் கலிஃபோர்னியா ஒயினுக்கு என்ன செய்தன என்பது தனி சினிமா.

சட்டத்தில் சில ஓட்டைகள் இருந்தன. தேவாலயச் சடங்குக்கான ஒயினுக்கு விலக்கு. மருந்துக்கு விலக்கு. வீட்டில் பழச்சாறு செய்துகொள்ள ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 200 கேலன், அதாவது 750 லிட்டருக்கு மேல், அனுமதி. பழச்சாறு பானையில் கிடந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாபாவின் போலியு போன்ற நிறுவனங்கள் தேவாலயத்துக்கு ஒயின் விற்றுப் பிழைத்தன. மற்ற பல ஒயின் ஆலைகள் இழுத்து மூடப்பட்டன. ஆனால் திராட்சைத் தோட்டங்கள் மட்டும் பெருகின! சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் ரயிலில் திராட்சை போனது. வழியில் நசுங்கக்கூடாதே என்று, நல்ல ரகக் கொடிகளைப் பிடுங்கிவிட்டுத் தோல் தடித்த, நிறம் அதிகமான ரகங்களை நட்டார்கள். காய்ந்த திராட்சைச் சாற்றைக் கட்டியாக்கி விற்றவர்கள், இதைத் தண்ணீரில் கரைத்து இத்தனை நாள் அலமாரியில் வைத்துவிடாதீர்கள், ஒயின் ஆகிவிடும் என்று எச்சரிக்கை வேறு ஒட்டினார்கள். செய்முறைக் குறிப்பை எச்சரிக்கை என்ற பெயரில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

தடை நீங்கியபோது கலிஃபோர்னியாவிடம் நல்ல கொடியும் இல்லை, நல்ல கைப்பக்குவமும் இல்லை. அந்த இழப்பிலிருந்து மீளப் பல பத்தாண்டுகள் ஆயின. 1976 மே 24-ல் பாரிஸில் நடந்த ஒரு டேஸ்டிங்கில்தான் கதை திரும்பியது. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி, லேபிளை மறைத்து வைத்து, பிரெஞ்சு நடுவர்களைச் சுவைக்கச் சொன்னார். வெள்ளையில் ஷாட்டோ மாண்டலீனா, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப். இரண்டிலும் முதலிடம் நாபாவுக்கு. இன்று சென்னையில் ஒரு மேஜையில் கலிஃபோர்னியா பாட்டிலுக்கு மரியாதை கிடைக்கிறது என்றால், அதன் தொடக்கம் அந்த மத்தியானம்தான்.

அமெரிக்கா கைவிட்டதை சென்னை எடுத்தது

அமெரிக்கா கைகழுவி நாலு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜி மதுவிலக்குச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அப்போது முதலமைச்சருக்கு அப்படித்தான் பெயர். அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிறகு சித்தூர், கடப்பா, வடஆற்காடு என்று விரிந்தது. ஏல வருமானம் போனதே, பணத்துக்கு எங்கே போவது? 1939-ல் பொது விற்பனை வரி போட்டார்கள். இந்தியாவில் அப்படியொரு வரி அதுதான் முதல்முறை. இன்று ஹோட்டல் பில்லில் ஜிஎஸ்டி வரியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள், அதன் தாத்தா சேலத்துக் கள்ளுக்கடைகளை மூடியதில் பிறந்தவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

அதே ஆண்டில் காங்கிரஸ் அமைச்சரவைகள் ராஜினாமா செய்தன. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. 1946-ல் டி. பிரகாசம் அமைச்சரவை வந்தபின் மறுபடி சில மாவட்டங்களில் தொடங்கியது. ஆனால் பிரகாசத்தின் ஆட்சியே ஓராண்டு தாங்கவில்லை. கட்சிக்குள் நம்பிக்கை இழந்து இறங்கினார்.

தமிழர், ஆந்திரர், மலையாளிகள், கன்னடர் என்று எல்லோரும் ஒரே சட்டமன்றத்தில் இருந்த காலம் அது. ராஜாஜி கோஷ்டி, காமராஜர் கோஷ்டி, பிரகாசம் கோஷ்டி. எந்தக் கோஷ்டியிலும் தலைவராக இல்லாத, ஆனால் யாரும் விரல் நீட்டிக் குற்றம் சொல்ல முடியாத ஒருவர் தேவைப்பட்டார். காமராஜர் ஆதரவோடு ஓமந்தூரார் தேர்வானார். ரமண மகரிஷியின் பக்தரான அவர் பதவியை ஏற்கத் தயங்கினார் என்றும், பலர் வற்புறுத்திய பிறகே ஒப்புக்கொண்டார் என்றும் திண்டிவனம் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். 1947 மார்ச் 23-ல் பதவியேற்றார். ஆகஸ்ட் 15 வந்தபோது, சுதந்திர இந்தியாவில் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சர் அவர்தான்.

இரண்டு வருஷத்தில் இவ்வளவா?

பதவியில் இருந்தது மொத்தம் இரண்டு ஆண்டுகளும் இரண்டு வாரங்களும். 1947-ல் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் மாகாணத்தின் கோயில் கதவுகளை எல்லா இந்துக்களுக்கும் சட்டப்படி திறந்தது. அதே ஆண்டில் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம். முத்துலட்சுமி ரெட்டி 1930-லேயே தொடங்கிவைத்து 17 ஆண்டுகள் காத்திருந்த வேலை அது. 1948-ல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம். 1949-ல் பாரதியார் படைப்புகளின் உரிமையை ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடமிருந்து பெற்று அரசுடைமை ஆக்கும் முடிவு. இன்று பாரதி பாட்டை யார் வேண்டுமானாலும் சினிமாவிலோ ரீல்ஸிலோ பயன்படுத்துவதற்கு வழி அங்கேதான் திறந்தது. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் தமிழ்க் கலைக்களஞ்சிய வேலையைத் தொடங்கியதும் இந்த ஆட்சியில்தான்.

இன்னொன்றையும் விட்டுவிட முடியாது. அரசு வேலையில் வகுப்புவாரி ஒதுக்கீட்டு ஆணையை 1947 இறுதியில் அவருடைய அரசு திருத்தியது. 14 இடங்கள் கொண்ட சுழற்சியில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 1, கிறிஸ்தவர் மற்றும் ஆங்கிலோ இந்தியருக்கு 1. பிற்படுத்தப்பட்டவர்களுக்குத் தனியாக இடம் என்பது அதில்தான் வந்தது. இந்த வகுப்புவாரி முறையை எதிர்த்துத்தான் செண்பகம் துரைராஜன் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1951-ல் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தமே வந்தது. இதற்காகவே அவரைத் தாடியில்லாத ராமசாமி நாயக்கர் என்று எதிரிகள் கேலி செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், தாடி வைத்த ராமசாமியோடு அவருக்கு மோதலும் இருந்தது. 1948-ல் பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்தது இவருடைய அரசு. பெரியார் போராடினார். கருஞ்சட்டைப் படைக்குத் தடை போட்டதும், கம்யூனிஸ்டுகளை விசாரணையின்றிச் சிறையில் வைத்ததும் இதே ஆட்சிதான். எளிமையானவர், நேர்மையானவர் என்று பாராட்டி எழுதும் கட்டுரைகள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகின்றன.

1948 அக்டோபர் 2

காந்தி சுட்டுக்கொல்லப்பட்டது ஜனவரி 30. அவர் இல்லாமல் வந்த முதல் பிறந்தநாளில் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலானது. 1946-லிருந்து மாவட்டம் மாவட்டமாக விரிந்து வந்த வட்டத்தை ஓமந்தூரார் அன்றைக்கு முழுமையாக்கினார். சும்மா ஒரு மாநிலம் என்று நினைக்க வேண்டாம். அன்றைய சென்னை மாகாணம் ஸ்ரீகாகுளம் பக்கத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் பக்கம் வரைக்கும், அந்தப் பக்கம் மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்தது. சுமார் 5 கோடி மக்கள். பம்பாயின் முழு மதுவிலக்குகூட இதற்குப் பிறகுதான் வந்தது.

கஜானாவைப் பார்த்த அதிகாரிகளுக்கு இது தலைவலி. போர் முடிந்த நேரம், ரேஷன், விலைவாசி, ஹைதராபாத் எல்லைப் பதற்றம் என்று செலவுக்கு வழி தேடிக்கொண்டிருந்த அரசு, பெரிய வருமானம் ஒன்றைத் தானாகவே வேண்டாம் என்றது. நியாயமாகப் பார்த்தால், இதைத் தேர்தல் கணக்கு என்று சொல்ல முடியாது. குடிப்பவர் வீட்டுப் பெண்களைத் தவிர வேறு எந்தப் பெரிய கூட்டமும் இதற்காக அவரைக் கொண்டாடப் போவதில்லை. அந்தப் பெண்களில் பலருக்கு அப்போது ஓட்டும் இல்லை. எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது அரசியல் சாசனத்துக்குப் பிறகுதானே.

சட்டம் எப்படி வேலை செய்தது? தயாரிப்பது, விற்பது, வைத்திருப்பது, குடிப்பது எல்லாமே குற்றம். வெளிநாட்டவருக்கும், உடல்நிலைக்காகத் தேவை என்று காட்டுபவருக்கும் பெர்மிட் உண்டு. அதாவது அன்றைய சென்னையில் ஒரு கலிஃபோர்னியா பாட்டிலைத் திறக்க வேண்டுமென்றால் ஒன்று வெள்ளைக்காரராக இருக்க வேண்டும், இல்லை நோயாளியாக. டாக்டர் சீட்டு வாங்கிக் குடித்த கனவான்கள் பற்றிய ஜோக்குகள் பத்திரிகைகளில் நிறைய வந்ததில் ஆச்சரியமில்லை.

பெர்மிட் கிடைக்காதவர்களுக்கு? கிராமங்களில் கள்ளச்சாராய ஊறல் புதருக்குள் போனது. நகரத்தில் டிங்சரும் வார்னிஷும்கூடத் தொண்டைக்குள் இறங்கின. அமெரிக்காவில் நடந்த அதே கதை, வேறு பாத்திரத்தில். ஓமந்தூராரின் சொந்த ஊருக்கு இன்னொரு விசேஷப் பிரச்சினையும் இருந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி. 1954 நவம்பர் 1 வரைக்கும் அங்கே பிரெஞ்சு ஆட்சி. ஒயினைச் சாப்பாட்டின் பகுதியாகப் பார்க்கும் நாட்டின் கொடி பறந்த ஊர். முதலமைச்சரின் சட்டம் அவருடைய மாவட்டத்தின் ஓரத்திலேயே முடிந்துபோனது.

பனையேறிகளின் நிலைமை இன்னும் சிக்கல். மரக்காணம் பக்கத்திலும் தெற்கு மாவட்டங்களிலும் மரம் ஏறிப் பிழைத்த குடும்பங்களுக்குக் கள்தான் வருமானம். பானையில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். வித்தியாசம் அவ்வளவே. பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுங்கள் என்று சொல்லி அரசு கூட்டுறவுச் சங்கங்களை ஊக்குவித்தது. காந்தியவாதிகளுக்கு இது அழகான தீர்வு. ஆனால் கருப்பட்டிக்கு விறகு வேண்டும், காய்ச்ச வீட்டுப் பெண்ணின் நாள் முழுதும் வேண்டும், விலையோ கள்ளுக்கு ஈடு இல்லை. மதுவிலக்கின் விலையை முதலில் கட்டியது குடித்தவர் இல்லை, மரமேறியவர். இதை அன்றைய ஆட்சி போதுமான அளவு யோசித்ததாகத் தெரியவில்லை.

சிபாரிசு வேண்டாம் என்றவர்

அவர் ஆட்சி முடிந்ததற்கு மதுவிலக்கு காரணமில்லை. காரணம் கட்சிக்காரர்கள். வேலை நியமனம், பர்மிட், லைசென்ஸ், இடமாறுதல் என்று எதற்கும் எம்.எல்.ஏ.க்களின் சிபாரிசை அவர் ஏற்கவில்லை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டா, பாராட்டா என்று குழப்பம் வரலாம். அன்றைக்கு அது நிஜமாகவே குற்றச்சாட்டு. கொண்டுவந்த காமராஜரே கைவிட்டார். 1949-ல் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவி பி.எஸ். குமாரசாமி ராஜாவிடம் போனது. ஏப்ரல் 6-ல் ஓமந்தூரார் விலகினார்.

அதன்பிறகு அவர் செய்தது தமிழக அரசியலில் அபூர்வம். கோஷ்டி கட்டி மீண்டும் ஏறப் பார்க்கவில்லை. வடலூருக்குப் போனார். வள்ளலார் 1867-ல் பசித்தவர்களுக்காக அடுப்பு மூட்டிய ஊர் அது. அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை அமைத்து, பள்ளிகளும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லமும் நடத்தினார். சட்டமன்றத்தில் இரண்டு வருஷம், வடலூரில் இருபது வருஷம் என்று கணக்குப் போட்டால், அவர் வாழ்க்கையின் பெரிய வேலை எது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்காது. 1970 ஆகஸ்ட் 25-ல் காலமானார்.

ஒரு வருஷம்தான் தாண்டியது. 1971 ஆகஸ்ட் இறுதியில் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. நிதி நெருக்கடியும், மதுவிலக்கு மாநிலங்களுக்கு உதவ மத்திய அரசு மறுத்ததும் காரணமாகச் சொல்லப்பட்டன. 90 வயதைத் தாண்டிய ராஜாஜி நேரில் போய் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். பலனில்லை. ஓமந்தூரார் இருந்திருந்தால் அவரும் கூடப் போயிருப்பார் என்று ஊகிக்கலாம். 1974-ல் மீண்டும் கதவடைப்பு. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் திறப்பு. 1983-ல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக். 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அரசின் கையில். சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. மதுவிலக்குச் சட்டத்துக்குள்ளேயே விலக்குகளைச் சேர்த்துச் சேர்த்துக் கடைகள் கட்டப்பட்டன.

இதில் ஒரு விநோதம் உண்டு. 1987-லிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. இன்றைக்கும் நீடிக்கிறது. ஆக, கலிஃபோர்னியாவில் விளைந்த திராட்சையைப் புளிக்க வைத்து, கப்பலில் கொண்டுவந்து, வரி கட்டி, சென்னையில் நிபுணரை வைத்து ருசி பார்க்கலாம். மரக்காணத்தில் சொந்த மரத்துக் கள்ளை இறக்கினால் வழக்கு. ஓமந்தூரார் இரண்டையும் வேண்டாம் என்றவர். அவர் நிலைப்பாட்டோடு உடன்படாதவர்கள்கூட, அதில் ஒரு சமத்துவம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. இன்றைய ஏற்பாட்டுக்கு அப்படி எந்த விளக்கமும் சொல்வது கஷ்டம்.

அவர் மண்ணிலேயே அந்தச் சட்டம் தோற்ற இடங்களும் உண்டு. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவ கிராமத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர். 2019 வரைக்கும் கள்ளக்குறிச்சியும் விழுப்புரம் மாவட்டம்தான். இந்த இரண்டு சம்பவங்களும் நடந்தது முழு மதுவிலக்கு காலத்தில் இல்லை, ஊருக்கு ஊர் டாஸ்மாக் திறந்திருக்கும் காலத்தில். கடையைத் திறந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்பது 1971-ல் சொல்லப்பட்ட வாதங்களில் ஒன்று. கடையை மூடினால் குடி ஒழியும் என்பது 1948-ல் சொல்லப்பட்ட வாதம். மாதச் சம்பளக்காரர் பாட்டிலுக்குப் போக, தினக்கூலி வாங்குபவர் பாக்கெட் சாராயத்துக்குப் போனது ஏன் என்ற கேள்விக்கு இரண்டு வாதத்திலும் பதில் இல்லை. கிட்டத்தட்ட எப்போதும் அது விலையைப் பற்றிய கேள்வி.

ஓமந்தூரில் இன்று அவருக்கு அரசு மணிமண்டபம் இருக்கிறது. பிப்ரவரி 1-ல் மாலை போடுவார்கள். அங்கிருந்து புதுச்சேரிப் பக்கம் வண்டியைத் திருப்பினால், எல்லையைத் தாண்டியதுமே ஒயின் ஷாப் பலகைகள் வரிசையாக வரும். விலை குறைவு என்பதால் வார இறுதியில் கூட்டம் அள்ளும். திரும்பி வரும்போது விழுப்புரம் மாவட்டச் சோதனைச் சாவடியில் வண்டியின் டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள். அனுமதியில்லாத பாட்டில்கள் அகப்பட்டால் எழுதப்படும் வழக்கில் சட்டத்தின் பெயர் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், ஆண்டு 1937.